நெல்லைக் காணாத கார்

சுவிஸிலிருந்து வந்த மச்சான் யூட் ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்த சொகுசுக் காரை மன்னாருக்குக் கொண்டுபோகிறோம் என்றதும் கொழும்பில் என்னோடு வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். அந்த ஊருக்கு டிராக்டர் போதாதா என்றார் ஒருவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டை முடிந்து, சனம் திரும்பி, வழவழப்பான கார்ப்பெட் ரோட்டும் போட்டாயிற்று. நாங்கள் மட்டும் ஏன் டிராக்டரில் போக வேண்டும்? மாசி மாதத்து வெள்ளிக்கிழமை விடிய ஐந்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தவள் நான்தான்.

மன்னார் முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆறரை மணித்தியாலம் ஓடினோம். முன்னால் போகும் வாகனத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியால் புத்தளம் வரை காலுக்கு ஓய்வு. மன்னார் பட்டினத்தில் கழுதை குறுக்கிட்டபோது நான் மிதிக்கும் முன்பே கார் பிரேக் போட்டது. கழுதை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எங்கள் ஊர்க் கழுதையல்லவா. அன்றிரவு பட்டினத்தை ஒட்டிய கீரிக் கிராமத்தில் எங்கள் வீட்டில் யூட் காரைப் புகழ்ந்த புகழ்ச்சியில் மீன் குழம்பு ஆறிப்போனது.

மறுநாள் பெரியமடுக் கிராமத்துக்குக் கிளம்பினோம். உயிலங்குளத்தில் திரும்பிச் சற்றுத் தூரத்தில் ரோட்டின் இடப்பாதி முழுக்க நெல். அறுவடைக் காலத்தில் இங்கே அதுதான் வழக்கம். ஒரு பாதியில் நெல் காயும், மறுபாதியில் எல்லோரும் விட்டுக்கொடுத்துப் போவார்கள். நெல்லுக்காக யாரும் சிக்னல் போடுவதில்லை. நானும் போடாமல் வலப்பக்கம் எடுத்தேன். சிக்னல் இல்லாமல் ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டினால் ஓட்டுபவர் தூங்கிவிட்டார் என்று நினைக்கும் கார் அது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் இழுத்தது. நான் மல்லுக்கட்டுவதற்குள் இரண்டு சில்லுகள் நெல்லில் ஏறிவிட்டன.

நெல் கிளறிக்கொண்டிருந்த பெண் ஓடிவந்து காருக்கு முன்னால் நின்றார். கார் தானாகவே நின்றது. அவர் ஓரடியும் விலகவில்லை.

"நிப்பாட்டினது நீங்களோ, காரோ?"

கார்தான் என்று உண்மையைச் சொன்னேன்.

"ஆளைக் கண்டு நிக்கிறது, நெல்லைக் கண்டு ஏன் நிக்கேல்லை?"

அவர் பெயர் செல்வராணி. அகதி முகாமிலிருந்து திரும்பிய பிறகு சொந்த வயலில் விளைந்த முதல் நெல் அது. அடுத்த போகத்துக்கான விதை. சில்லு ஏறி உமி வெடித்தால் முளைக்காது. எனக்கு வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது. யூட் இறங்கி, ரோட்டில் நெல் காயவிடுவது பிழைதானே அக்கா என்றான். அவர் பற்றைக்காட்டுப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே சிவப்பு மண்டையோட்டுப் பலகை நின்றது.

"அதுதான் எங்கட களம். இன்னும் மிதிவெடி எடுத்து முடியேல்லை. வேணுமெண்டால் நீங்கள் அதிலை காயப் போடுங்கோ, தம்பி."

யூட்தான் முதலில் குனிந்தான். நசுங்கிய நெல்லை மூவருமாக வேறாக வாரினோம். பிறகு காரை நெல்லுக்கு முன்னால் இடப்பாதியில் நிறுத்தி நான்கு விளக்குகளையும் மினுக்கவிட்டேன். பெரியமடுப் பயணம் அன்று இல்லை. ஒரு டிப்பர் லொறி ஹோர்ன் அடித்து அடித்துப் பார்த்தது. யூட் போய்க் கையை நீட்டி மறித்து, வலப்பக்கமாக அனுப்பினான். வெயில் தாழ்ந்து கடைசி மூட்டை கட்டும்வரை நாங்கள் அசையவில்லை.

இப்படிப்பட்ட காரில் வருபவர்களுக்கு: மாசி, பங்குனியில் உயிலங்குளம் தாண்டியதும் கோடு பார்த்துத் திருப்பும் வசதியை அணைத்துவிடுங்கள். நெல்லைக் கண்டால் வேகத்தைக் குறைத்து மறுபாதியால் போங்கள். அவ்வளவு பொறுமை இல்லையென்றால் வேறு ரோட்டால் போங்கள். உங்களுக்கு வேறு ரோட்டு இருக்கிறது. செல்வராணிக்கு வேறு களம் இல்லை.