மூன்றாம் ஓலைக்கு முன் வந்த பாட்டு

இரண்டாம் ஓலை படித்த அடுத்த புதன்கிழமை, மதிய இடைவேளையில் அந்தப் பாட்டு என் கைபேசிக்கு வந்தது. எங்கள் கத்தோலிக்க வழக்கத்தில் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் பூசையில் ஃபாதர் மணமக்களின் பெயர்களைப் படிப்பார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தன்னிடம் வந்து சொல்லலாம் என்பார். அதைத்தான் ஓலை என்கிறோம். பெரும்பாலும் யாரும் போய் எதுவும் சொல்வதில்லை. மூன்றாவதும் படித்துவிட்டால் பத்திரிகை கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். பிறகு நிறுத்துவது இரண்டு குடும்பத்துக்கும் தலைகுனிவு.

தடை சொல்லும் உரிமை மணப்பெண்ணுக்கும் உண்டா என்று நான் யோசித்தது அந்த வாரத்தில்தான்.

பாட்டை அனுப்பியவர் நான் மணக்கவிருந்தவர். மாரண்டஹள்ளியில் விதை, உரக் கடை வைத்திருந்தார். ஞாயிறுகளில் கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பார். நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் பேசியவை சேலை நிறம், மண்டபம், பிறகு மாரண்டஹள்ளியிலிருந்து நான் ஓசூருக்கு வேலைக்குப் போகத் தோதான பஸ். வேறு எதுவும் நினைவில்லை. பாட்டோடு "கேட்டுட்டு சொல்லுங்க" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நான் ஓசூரில் ஒரு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் இன்ஜின் சத்தத்தை அளந்து பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். எனவே கேட்பதற்கு நல்ல ஹெட்போன் இருந்தது. முதலில் இன்ஜின் உறுமியது. பிறகு கிட்டார், தகரத்தைக் கிழிப்பது போல. பிறகு அவர் குரல். திருப்பாடல் பாடும் அந்தக் குரலை மணலில் போட்டுத் தேய்த்திருந்தார்கள். வெளிநாட்டில் முதுகில் மண்டையோட்டுப் படம் போட்ட கறுப்புத் தோல் சட்டை அணிந்து, கூட்டமாகப் பெரிய வண்டிகளில் திரியும், போலீசுக்கு அடங்காத ஆட்களைப் பற்றிய பாட்டு. அவர்களில் ஒருவனாகவே அவர் பாடினார்.

வூடு இல்ல வாசல் இல்ல
ரோடு மட்டும் மிச்சம்
கட்டிப் போட வந்தவகிட்ட சொல்லு
கயிறு அறுந்து நாளாச்சுன்னு

மறுபடி கேட்டேன். குழப்பம் வந்தால் வரிசைப்படுத்துவது என் வழக்கம். ஒன்று, இது வெறும் பொழுதுபோக்கு. இரண்டு, வீட்டார் வற்புறுத்தலில் சம்மதித்துவிட்டு, வேண்டாம் என்பதை இப்படிச் சொல்கிறார். மூன்று, அந்த 'வந்தவ' வேறு யாரோ ஒருத்தி. ஒவ்வொன்றுக்கும் எதிராக ஏதோ ஒன்று இருந்தது. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் ஹெல்மெட் போடும் மனிதர் அவர்.

இன்ஜின் சத்தம் இன்னும் குழப்பியது. அந்தப் பெரிய வண்டிகளில் இரண்டு சிலிண்டர். வெடிப்பு சமமான இடைவெளியில் விழாது, நொண்டும். இதில் ஒரே சிலிண்டர், அதுவும் டீசல். மூன்றாம் முறை கேட்டபோது தெரிந்தது, அது பவர் டில்லர். தக்காளித் தோட்டத்தில் உழும் பவர் டில்லர். வாய்விட்டுச் சிரித்துவிட்டு உடனே நிறுத்தினேன். வண்டி பொய் என்றால் வார்த்தைகளும் பொய்யா? அல்லது வண்டி மட்டும்தான் பொய்யா?

அன்று மாலை அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"பையனுக்குத் தொண்ட கட்டியிருக்குது போல. மெளகு கசாயம் வெச்சுக் குடிக்கச் சொல்லு."

"பாட்டுல என்னா சொல்றாருன்னு கேட்டியாம்மா?"

"கேட்டன். ரெண்டு ஓலை படிச்சாச்சு பாப்பா. இப்பப் போயி ஃபாதர்கிட்ட, பாட்டு புடிக்கல, நிறுத்துங்கன்னு சொல்லுவியா?"

"புடிக்கலன்னு சொல்லல. புரியல."

"அப்ப நேரா கேளு. சனிக்கெழம வரச் சொல்லு. மூணாவது படிக்கறதுக்குள்ள கேட்டுடு."

சனிக்கிழமை தருமபுரி பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் சந்தித்தோம். அவர் பஸ்ஸில் வந்திருந்தார்.

"வண்டியில வந்திருக்கலாமே?"

"பாலக்கோடு ரோட்டுல லாரி ஜாஸ்திங்க," என்றார். உட்கார்ந்ததும் அவரே கேட்டார்: "சவுண்டு எப்படிங்க இருக்குது? நீங்க அதுலதான வேலை பாக்கறீங்க."

"அது பவர் டில்லர்."

முகம் சிவந்துவிட்டது. "தெரிஞ்சுபோச்சா? மாமா தோட்டத்துல எடுத்தன். மைக்க சாக்குல சுத்தி வெச்சா பெரிய வண்டி மாதிரி இருக்கும்னு நெனச்சன்."

எனக்குச் சுற்றிப் பேச வரவில்லை. "இந்தக் கல்யாணம் உங்களுக்கு வேணாமா?"

டீ கிளாசை வைத்துவிட்டார். "ஐயோ, யாருங்க சொன்னா?"

"உங்க பாட்டு."

"அது எழுதி ரொம்ப நாளாச்சுங்க. அப்ப உங்களத் தெரியவே தெரியாது."

"கட்டிப் போட வந்தவ?"

"யாரும் இல்லீங்க. அந்த மாதிரி பாட்டுல ஒருத்தி வேணுமேன்னு போட்டன்."

"பழைய பாட்ட இப்ப எதுக்கு அனுப்புனீங்க?"

"தடை இருந்தா சொல்லுங்கன்னு ஃபாதர் படிச்சாரில்லீங்களா? நானும் யோசிச்சன். எனக்குக் கடன் இல்ல, குடி இல்ல. யாருக்கும் தெரியாதது இது ஒண்ணுதான். காலேஜ்லேர்ந்து அந்த வண்டிக்காரங்க வீடியோவாப் பாக்கறன். அடிதடி, போதை, எல்லாம் தெரியும். கெட்டவங்கதான். ஆனா அத்தன வண்டியும் ஒண்ணா ஒரு வளைவுல திரும்பறப்ப..." கையைச் சாய்த்துக் காட்டினார். "என்னமோ ஆவுதுங்க. என்னன்னு எனக்குத் தெரியல. கட்டிக்கப் போறவங்களுக்குத் தெரியணும்னு அனுப்பினன்."

ஊரில் வேறு யாரும் ஓலையை இப்படி எடுத்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் மூன்று காரணங்களில் இது எதிலும் சேரவில்லை.

"சங்கடமா இருந்தா அழிச்சிடறங்க. வேற எங்கயும் வெக்கல," என்று கைபேசியை எடுத்தார்.

"அழிக்காதீங்க!"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொல்லிவிட்டேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அழித்துவிட்டால் நிம்மதி என்றுதான் வரும்போது நினைத்திருந்தேன். அவர் விரல் அங்கே போனதும், இத்தனை சுலபமாக அதை விட்டுவிடக் கூடியவரோடு எப்படி இருப்பது என்று பயமாக இருந்தது. விடாதவரோடு இருப்பது பற்றியும் பயம் போகவில்லை. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

"அப்ப நாளைக்கு ஓலை..." என்றார் பஸ் ஏறும்போது. முடிக்கவில்லை.

"சொல்றன்," என்றேன்.

வீட்டில் அம்மா கைபேசியைக் கையிலேயே வைத்திருந்தார். "ஃபாதருக்குப் போன் போடணுமா, வேணாமா? காலையில முதல் பூசையிலயே படிச்சிடுவாரு."

"வேணாம்மா. படிக்கட்டும்."

"அப்ப புரிஞ்சுபோச்சா?"

"இல்ல."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாட்டு அனுப்பியவருக்கு நான் ஒரு வரி தட்டினேன்: நாளைக்குப் படிக்கட்டும், எனக்குத் தெரிந்த தடை எதுவும் இல்லை. அனுப்பிய பிறகும் அது உண்மையா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.