எலுமிச்சை மேல் ஏறாத வண்டி

இரண்டாயிரங்களின் ஆரம்ப வருடங்கள். கனடாவின் மொன்றியலுக்கு வந்த புதிதில் எனக்கு இருப்பே கொள்ளாது. கணவர் ஐ.டி. வேலைக்குப் போனதும் ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பேன். எலக்ட்ரானிக்ஸ் பட்டம் பெட்டிக்குள் கிடந்தது. "சும்மா இருக்கிறதுக்கு" என்று அவர் புவாண்ட்-கிளேரில் ஒரு தமிழரின் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை பேசி வைத்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு கல்லூரியில் லேப் டெக்னீஷியன் வேலைக்கு நேர்காணல். மாணவர்கள் ரோபோ செய்ய உதவும் வேலை. சொந்தமாகச் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். இது கிடைக்காவிட்டால் கிடங்குதான்.

நான் படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். டயல்-அப் இணையத்தில் ஒவ்வொரு படமும் இறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு, சால்டரிங்கில் விரலைச் சுட்டுக்கொண்டு, ஒரு ரிமோட் கார் செய்தேன். இரண்டு மோட்டார், பொம்மையிலிருந்து பிடுங்கிய ரிசீவர், மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் டிரான்சிஸ்டர். பொறுமை என் ஜாதகத்திலேயே இல்லை. ஒட்டியதில் பாதியை நானே இழுத்து அறுத்தேன். கடைசியில் ஓடியது.

வெள்ளி காலை கிளம்பும்போது மாடிவீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வாசலில் மறித்தார். கையில் எலுமிச்சம்பழங்கள்.

"புது வாகனமெண்டால் தேசிக்காய் வைக்காமல் எடுக்கப்படாது பிள்ளை."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்லி, வேலையும் கிடைக்காமல் போனால்? முன் சக்கரங்களுக்கு அடியில் பழங்களை வைத்து ரிமோட்டை அழுத்தினேன்.

ஒரு கிலோ தேறாத வண்டி பழத்தை எப்படி நசுக்கும்? வாசல் கம்பளத்தில் சக்கரம் வழுக்கவும் இல்லை. மோட்டார் முனகிக்கொண்டு நின்றது.

"இன்னும் குடு பிள்ளை, ஏறும்!"

எனக்கோ பஸ்ஸுக்கு நேரமாகிறது. அழுத்திப் பிடித்தேன். புகை வந்தது.

பஸ்ஸில் வழி முழுக்க எனக்கு அழுகையும் ஆத்திரமும்தான். அக்காவைத் திட்டினேன், என்னைத் திட்டினேன். சுழல முடியாமல் நிற்கும் மோட்டார்தான் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

லேப் பொறுப்பாளர் அம்மையார் காரை ஓட்டிக் காட்டச் சொன்னார்.

"ஓடாது" என்றேன். பழம் உட்பட நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மோட்டார் எரியவில்லை என்று எப்படித் தெரியும்?"

தெரியாது. அப்போதே ஒயரைக் கழற்றி மோட்டாரை நேராக பேட்டரியில் தொட்டேன். சுழன்றது. அடுத்ததும் சுழன்றது. அங்கிருந்த மல்டிமீட்டரால் டிரான்சிஸ்டரைப் பார்த்தேன். போயிருந்தது.

"இதேபோல இன்னொன்று போட்டால் அதுவும் எரியும். பெரியது வேண்டும்" என்றேன்.

அவர் டிரான்சிஸ்டர்கள் இருந்த ஒரு இழுப்பறையை உருவி என் பக்கம் தள்ளினார். நாற்காலியில்கூட உட்காராமல் நின்றபடியே மாற்றி ஒட்டினேன். கார் மேசை விளிம்பு வரை ஓடியது. பாய்ந்து பிடித்தேன்.

"திங்கட்கிழமை வேலைக்கு வர முடியுமா?" என்றார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கிடங்குக்காரருக்கு ஃபோன் செய்து, வரமாட்டேன் என்றேன்.

"அப்பிடி என்ன வேலை கிடைச்சது பிள்ளை?"

சொன்னேன். அவருக்கு நன்றாகத்தான் கேட்டது. இருந்தும் இன்னொரு தடவை சொன்னேன்.