பல் டாக்டரம்மா எப்போது 'நீ' என்பாள்?

ஆங்கிலக்காரர்களுக்கு வார்த்தைப் பஞ்சம் என்றுதான் ஹெட்விக் முதலில் நினைத்தாள். ஒரே கோட்டை அப்பனும் பிள்ளையும் தாத்தாவும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே போகிற வீடு மாதிரி, ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரையே ஓட்டுகிறார்கள். 'ரன்' என்று ஒன்று. திருடன் ஓடினாலும் அதுதான், மூக்கு ஒழுகினாலும் அதுதான், கடை நடத்தினாலும் தேர்தலில் நின்றாலும் அதேதான். 'கெட்' என்று இன்னொன்று. ரொட்டி வாங்கலாம், சளி பிடிக்கலாம், விஷயம் புரியலாம், வீடு போய்ச் சேரலாம், எல்லாம் அந்த ஒரு சொல்லில் அடக்கம். 'சிஸ்டர்' என்றால் அக்காவா தங்கையா என்று அவர்களுக்கே கவலை கிடையாது. ஹங்கேரியில் அக்காவுக்கு ஒரு சொல், தங்கைக்கு ஒரு சொல். எந்தப் பெண் முதலில் பிறந்தவள் என்று முகத்தைப் பார்த்து முடிவுகட்டுவதற்குள் ஹெட்விக்குக்கு அடுப்பில் வெங்காயம் கருகிவிடும்.

வெங்காயம் ஏன் வந்தது என்றால், அவள் வேலை பார்த்ததே சமையலறையில்தான். புதாபெஸ்ட்டில், கோபான்யா பக்கம், இரண்டாவது மாடி. ட்ராம் ஓட்டிய புருஷன் காலமாகி வெகுநாள் ஆயிற்று. முன்பு ஒரு டப்பா உணவுத் தொழிற்சாலையில், வெளிநாட்டுக்குப் போகிற பட்டாணி டப்பாக்களுக்கு ஆங்கிலத்தில் சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆங்கிலத்தை வைத்துத்தான் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வசனம் எழுத வந்தாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுத் தொடர்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. இங்கே யாரும் படத்துக்குக் கீழே எழுத்தைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார்கள். திரையில் எவன் வந்தாலும் ஹங்கேரிய மொழியில் பேசியாக வேண்டும். அதுதான் சரியும்கூட. படிக்கத் தெரியாதவர்களும் கதை பார்க்க வேண்டாமா?

ஹெட்விக் கேசட்டை ஓடவிட்டு, திரையில் இருக்கிறவர்களோடு சேர்ந்து தானும் வாயசைத்துச் சொல்லிப் பார்ப்பாள். அங்கே உதடு மூடினால் இங்கேயும் மூட வேண்டும். அழுகிற காட்சிக்கு அழுவாள், கொலைகாரனுக்குக் குரலைத் தாழ்த்துவாள். பக்கத்து வீடுகளுக்கு எல்லாம் பழகிப்போயிற்று.

அவளை நிஜமாகவே தூங்கவிடாமல் அடித்த சொல் எது தெரியுமா? மிகச் சின்னது. 'யூ.' கடவுளைக் கூப்பிட்டாலும் அதுதான், காவல்காரனைக் கூப்பிட்டாலும் அதுதான், காலை நக்குகிற நாய்க்கும் அதுதான். ஹங்கேரியில் அது நடக்காது. 'நீங்கள்' வேறு, 'நீ' வேறு. ஒருவர் 'நீ' என்றால் மற்றவரும் 'நீ'தான், புருஷன் பெண்டாட்டி என்றாலும் அப்படித்தான். 'நீங்கள்' என்கிற படியிலிருந்து 'நீ' என்கிற படிக்கு ஒரே ஒருமுறை இறங்கலாம். பிறகு ஏற முடியாது. ஏறினால் உறவு அறுந்தது என்று பொருள். அந்தப் படியில் தானாகவும் இறங்கக்கூடாது, ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பார். மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவருக்குக் கொடுப்பார். பெண் ஆணுக்குக் கொடுப்பாள். கொடுத்ததும் ஆளுக்கொரு குவளை சாராயம் எடுத்து, கையோடு கை கோத்துக் குடித்து, கன்னத்தில் முத்தமிட்டால் முடிந்தது.

அந்த வருஷம் அவள் எழுதிக்கொண்டிருந்த தொடரில் ஒரு படகு கேப்டன், ஒரு பல் டாக்டரம்மா. கேப்டனுக்கு முப்பத்திரண்டு பல்லும் கல் மாதிரி இருக்கும். ஆனாலும் வாராவாரம் பல் வலி என்று வந்து நாற்காலியில் சாய்ந்துவிடுவார். ஊர் முழுக்க இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கீழ்வீட்டு யோலான் ஒருநாள் முற்றத்தில் கம்பளம் தட்டுகிற இடத்தில் ஹெட்விக்கைப் பிடித்துக்கொண்டாள். இவர்கள் இரண்டு பேரும் பழகிய முதல் நாளே 'நீ' ஆனவர்கள்.

"அடியே ஹேடி, போன வாரம் அவங்க கட்டியே பிடிச்சாச்சு. இன்னும் என்னடி 'வாங்க, போங்க, உக்காருங்க'? ரயில்வே கவுன்டர்ல டிக்கெட் வாங்குறாங்களா?"

"அடுத்த கேசட் வரலடி. இப்ப 'நீ' போட்டு வெச்சு, அடுத்த வாரம் சண்டை போட்டுப் பிரிஞ்சாங்கன்னா? மறுபடி 'நீங்க'ன்னு எழுத நான் எங்க போறது?"

"ரொம்பத்தான் பயப்படுற. சரி, அவங்க கதைய விடு. உன் ஆப்பிள்காரர் எப்படி இருக்கார்?"

ஆப்பிள்காரர் என்றது திஹமேரை. குரல் கொடுக்கும் நடிகர்களை மேய்க்கிற டைரக்டர். நெட்டையான மனிதர், மனைவியை இழந்தவர். வியாழக்கிழமைதோறும் ஸ்டூடியோ கேன்டீனில் ஹெட்விக் எழுதிக்கொண்டு வருவதை அவளோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பார். சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்து ஆப்பிளைச் சீவி, முதல் துண்டை அவள் பக்கம் தள்ளுவார். பத்துப் பதினோரு வருஷமாக இப்படித்தான். "கையை முத்தமிடுகிறேன், ஹெட்விக், நீங்கள் சௌக்கியமா?" என்பார். எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களுக்கும் சொல்கிற வணக்கம்தான் அது. கை அங்கேயே இருக்கும், முத்தம் காற்றில் போகும்.

அந்தத் திஹமேர் போகப்போகிறார். பாலட்டோன் ஏரிக்கரையில், பதச்சோனியில், ஒரு சின்ன வீடும் நாலு வரிசை திராட்சைக் கொடியும் வாங்கியிருந்தார். இந்தத் தொடர் முடிந்ததும் வேலைக்கு முழுக்கு. அதற்கப்புறம் வியாழக்கிழமை என்று ஒன்று இருக்காது. அவர் வாயால் தன்னை ஒரு தடவை 'நீ' என்று கேட்டுவிட வேண்டும் என்று ஹெட்விக் தவித்தாள். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஐம்பத்தெட்டு வயதில் இந்த ஆசை எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். ஆசைக்கு வயது பார்க்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

"எப்படி இருப்பார்? இருக்காரு. அடுத்த மாசம் கிளம்புறாரு" என்றாள் ஹெட்விக்.

"நீ வாயைத் திறந்து சொல்லேன்டி."

"நான் ஏன் சொல்லணும்? அவர் டைரக்டர். என்னைவிட மூணு வயசு மூத்தவர். அவர்தான் கொடுக்கணும்."

"நீ பொம்பள. நீதான் கொடுக்கணும்."

"வேலை செய்யுற எடத்துல பொம்பள ஆம்பளைன்னு கெடையாது. வேணும்னா கொடுத்திருப்பாரு. கொடுக்கல. அவ்வளவுதான்."

"அவரும் 'பொம்பள கொடுக்கட்டும்'னு ஒக்காந்திருந்தா?"

"அப்படி ஒக்காந்திருந்தா அவர் மடையர்."

"ஒரு மடையர் இல்லடி. நான் ரெண்டு எண்ணுறேன்" என்று சொல்லிவிட்டு யோலான் கம்பளத்தை ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

கடைசிக் கேசட் வந்தது. ஹெட்விக் அடுப்பை அணைத்துவிட்டு ஒரே மூச்சில் பார்த்தாள். கேப்டனும் டாக்டரம்மாவும் சேர்ந்துவிட்டார்கள். பிரிவு கிடையாது, சண்டை கிடையாது. இனி பயமில்லாமல் 'நீ' போடலாம். ஆனால் யார், எந்த இடத்தில் கொடுப்பது? ஆங்கிலத்தில்தான் கொடுப்பதும் கிடையாது, வாங்குவதும் கிடையாதே. முதல் நாளும் 'யூ', கல்யாணத்தன்றும் 'யூ'. கண்ணாடியில் ஈ ஊர்கிற மாதிரி வழுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. திரையில் ஆள் முதுகைக் காட்டி நின்றால் வாய் தெரியாது. அந்த இடத்தில் மூலத்தில் இல்லாத ஒரு வரியைச் செருகிவிடலாம். கேப்டன் முதுகைக் காட்டுகிற இடம் ஒன்று கிடைத்தால் போதும், அவரையே கொடுக்கவைத்துவிடலாம் என்று ஹெட்விக் கேசட்டை முன்னும் பின்னும் ஓட்டினாள். அந்த மனுஷன் முதுகையே காட்டவில்லை. எப்போது பார்த்தாலும் நேராக உட்கார்ந்து, வாயில் புகைக்குழாயைக் கவ்விக்கொண்டு, அந்தம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி நின்றவள் டாக்டரம்மாதான். ஜன்னல் பக்கம் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைக்கிறாள். ஒரு வரி சொல்லி முடிக்கிற நேரம் அப்படியே நிற்கிறாள்.

ஹெட்விக்குக்கு அந்தப் படத்தை எடுத்தவன் மேலேயே கோபம் வந்தது. இவன்கூட யோலான் கட்சியா? பேனாவை மூடிவைத்துவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கினாள். பாதி கோஸ் நறுக்கியதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எழுதினாள். அடிக்கவில்லை, திருத்தவில்லை.

வியாழக்கிழமை கேன்டீனில், குளிர்காலத்து வெயில் மேசை மேல் விழுந்திருந்தது. டாக்டரம்மாவுக்குக் குரல் கொடுக்கிற கமில்லா என்ற இளம் நடிகையும் தட்டில் பொரித்த ரொட்டியோடு வந்து கூடவே உட்கார்ந்துவிட்டாள். திஹமேர் ஆப்பிள் சீவிக்கொண்டே படித்தார். ஒரு பக்கத்தில் கத்தி நின்றுவிட்டது.

"இது என்ன, ஹெட்விக்? மூலத்துல இந்த எடத்துல தண்ணி கொதிக்கிற சத்தம் மட்டும்தானே?"

"முதுகு தெரிஞ்சுது. எடம் இருந்துச்சு. எழுதினேன், டைரக்டர் சார்."

அவர் வாய்விட்டுப் படித்தார். "'கேப்டன், இனிமே நாம நீன்னே பேசிக்கலாமா?' இதை அந்தம்மாவா சொல்றாங்க?"

"கேப்டன் வாயிலதான் புகைக்குழாய் இருக்கே."

"அப்பாடா!" என்றாள் கமில்லா, வாய் நிறைய ரொட்டியோடு. "எங்க பாட்டி போன் போட்டுத் திட்டுறாங்க, ஹெட்விக் அத்தை. 'நீ என்ன மரக்கட்டையா, அந்த ஆளுக்கு ஒரு நீ குடுத்தா கொறைஞ்சா போயிடுவே'ன்னு."

திஹமேர் தாளைக் கீழே வைத்தார். "சரியாத்தான் எழுதியிருக்கீங்க. பொம்பளதான் கொடுக்கணும். ஆம்பள முந்திக்கிட்டா அது மரியாதை இல்ல. பாவம், அந்தக் கேப்டன் எத்தனை வருஷமானாலும் காத்துக்கிட்டுத்தான் கெடக்கணும்."

"ஏன் கெடக்கணும்?" ஹெட்விக்குக்குச் சுள்ளென்று ஏறியது. "அவர்தான் மூத்தவர். படகுக்கே தலைவர். அவர் கொடுக்கலேன்னா அவருக்கு இஷ்டமில்லைன்னுதானே அந்தம்மா நெனைப்பா?"

"இஷ்டமில்லாதவன் ஏங்க வாராவாரம் நல்ல பல்லை வெச்சுக்கிட்டு வந்து ஒக்காருறான்?"

"வந்து ஒக்காந்தா ஆச்சா? வாயைத் திறந்தா பல்லைத்தான் காட்டணுமா? ஒரு வார்த்தை வரக்கூடாதா?"

"தலைவர்னு சொல்றீங்களே, அதான் சங்கடம். தலைவன் கேட்டா அந்தம்மா மாட்டேன்னு எப்படிச் சொல்லுவாங்க? மனசுக்குப் பிடிக்காமலே தலையை ஆட்ட வேண்டியிருக்கும். அதுக்குப் பயந்துதான் பேசாம இருக்கான் அவன்."

ஹெட்விக் இதை யோசித்ததே இல்லை. கமில்லா மெல்லுவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் வேணா எந்திரிச்சுப் போகட்டுமா?"

"ஒக்காரு" என்றாள் ஹெட்விக். "ஒளிச்சுப் பேசுற விஷயம் ஒண்ணும் இங்க இல்ல." பிறகு நாற்காலியைத் திருப்பி அவருக்கு நேராக உட்கார்ந்தாள். முதுகு காட்டிக்கொண்டு சொல்ல அவள் என்ன டாக்டரம்மாவா? "திஹமேர், இன்னமும் சொல்றேன், நீங்கதான் கொடுத்திருக்கணும். நான் சொன்னதுதான் சரி. இருந்தாலும் நானே கொடுக்கிறேன். இனிமே நாம நீன்னே பேசிக்கலாமா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். காதெல்லாம் சிவந்துபோயிற்று. ஆயிரம் பேருக்கு 'இந்த வரியை இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லு' என்று கற்றுக்கொடுத்த மனுஷனுக்கு வார்த்தை வரவில்லை. "நீங்க... அதாவது நீ... நீங்க..." என்று படியிலேயே தடுமாறிக்கொண்டு நின்றார். அதற்குள் கமில்லா ஓடிப்போய் பிளம்ஸ் பழச் சாராயம் மூன்று குவளை வாங்கி வந்தாள். மூன்றாவது யாருக்கு என்று கேட்டதற்கு, சாட்சிக்கு என்றாள்.

அவர் நெட்டை, இவள் குட்டை. கைகோத்துக் குடிக்கிறேன் என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பாதிச் சாராயம் அவர் சட்டைக்குள் போயிற்று. மிச்சத்தைக் குடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். அடுத்த மேசையில் இருந்த ஒலிப்பதிவுக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள்.

இனி கொஞ்ச நேரம் கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? ஹெட்விக்கைத் தெரியாதவர்கள்தான் அப்படி நினைப்பார்கள். கிடைத்த 'நீ'யை அவள் முதலில் செலவழித்தது திட்டுவதற்குத்தான்.

"நீ ஒரு மடையன், திஹமேர்! கிளம்புறதுக்கு மூட்டை கட்டுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கியே!"

"நீ மட்டும்?" என்றார் அவர். இந்தத் தடவை வார்த்தை தடுக்காமல் வந்தது. அது அவருக்கே பிடித்துப்போயிற்று போலிருக்கிறது, இன்னொரு தரம் சொன்னார். "நீ மட்டும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தே?"

"நான் வேலை பாத்துக்கிட்டு இருந்தேன்."

கமில்லா சிரிப்பை அடக்க முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். திஹமேர் உட்கார்ந்து, பாதி சீவிய ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துச் சொன்னார்.

"சனிக்கிழமை பதச்சோனியில திராட்சைக் கொடி வெட்டணும். ஒத்தை ஆளால முடியாது. நீ வரியா?"

"கொடி வெட்டல்லாம் நான் வரமாட்டேன். எனக்கு இடுப்பு வலி."

அவர் முகம் சுருங்கியது. ஹெட்விக் தாள்களை அடுக்கிப் பைக்குள் வைத்தாள்.

"ஒக்காந்து வேடிக்கை பாக்கிறதுன்னா வரேன். வெட்டுறது தப்புன்னா சொல்லுவேன்."

"நீ சொல்லாம இருந்தாத்தான் அதிசயம்" என்றார் திஹமேர். "காலை வண்டிக்கே வந்துடு. ஏரிக்கரை, காத்து அடிக்கும். கம்பளிக் குல்லா எடுத்துக்கோ."