குல்லாவுக்கு மேலே ஹெட்போன்

செருப்புக் கடைக்காரருக்குக் காலைப் பார்த்தால் சைஸ் தெரிந்துவிடும். ஹெட்போன் விற்கிறவனுக்குத் தலையைப் பார்த்து ஒன்றும் தெரியாது, உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்று முடித்த பிறகுதான் தெரியவரும்.

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். வெயில் ஊர். மூணாறு பஜாரில் செல்போன் சாமான் கடை போட்டு, குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வியாபாரம் செய்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கேட்பது இதைத்தான்: "காதை முழுசா மூடணும், வலிக்கக் கூடாது, உடையக் கூடாது, ரெண்டாயிரத்தத் தாண்டக் கூடாது." இந்த நாலும் சேர்ந்த பொருள் உலகத்தில் இருக்கிறது. நானே வைத்திருக்கிறேன். அதைப் பொறுமையாகப் போட்டுப் பார்த்து வாங்குகிற ஆளைத்தான் காணோம். கவுண்டருக்குப் பின்னால் நின்று பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள்.

குல்லாவோடு ஒரு ட்ரையல்

ஜீப் ஓட்டும் மாரியப்பன் டூரிஸ்டுகளுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பாட்டுக் கேட்க ஒன்று வேண்டும் என்று வந்தார். தலையில் தடிமனான கம்பளிக் குல்லா, அதுவும் காதுவரை. "குல்லாவைக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க" என்றேன். "குளிருதுண்ணே" என்று மேலேயே மாட்டிக்கொண்டார். தலையை ஆட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், அசையவே இல்லை. காதில் அழுத்தமும் இல்லை. மெத்தை மாதிரி இருக்கிறது என்று பாராட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் நல்ல வெயில். மாரியப்பன் குல்லா இல்லாமல் வெறுந்தலையோடு வந்து ஹெட்போனை மேஜையில் வைத்தார். குனிந்தால் கழன்று விழுகிறதாம். நேற்று டீயிலேயே விழுந்துவிட்டதாம். குல்லாவைக் கழற்றச் சொன்னேனே என்று நான் ஞாபகப்படுத்தியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பனிக்கு ஒரு சைஸ், வெயிலுக்கு ஒரு சைஸ்னு நீங்கல்லண்ணே எடுத்துச் சொல்லியிருக்கணும்!"

வேலை கிடைத்த பெண்

தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து முத்துச்செல்வி வந்தாள். படித்த பெண். எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே போனில் பேசி, டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுக்கிற வேலை கிடைத்திருந்தது. தமிழும் மலையாளமும் சரளமாக வருமென்பதால் எடுத்திருக்கிறார்கள், ஆனால் இப்போதைக்குச் சோதனைக் காலம்தான். அவள் அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர், சீக்கிரம் ரிட்டையர் ஆகிறார். ஆனதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இந்த வேலை நிலைத்தால் டவுனில் வாடகைக்கு வீடு பார்க்கலாம். நிலைக்காவிட்டால் அம்மாவின் இடத்தில் செல்வி கொழுந்துக் கூடையைத் தூக்கினால்தான் தலைக்கு மேல் கூரை இருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் போட்ட முக்கியமான நிபந்தனை, பேசும்போது பின்னால் வேறு சத்தம் கேட்கக் கூடாது என்பது.

காதை நன்றாக மூடுகிற செட் ஒன்றை எடுத்து மாட்டிவிட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. பஜார் சத்தம் போன இடம் தெரியவில்லையாம், இதுவே போதுமாம். "அம்மிணி, இது உங்க காதுக்கு வர்ற சத்தத்தைத்தான் நிறுத்தும். மைக்குக்குப் போற சத்தத்தை நிறுத்தாதுங்க" என்று சொன்னேன். மைக்கைக் கையில் தொட்டுக் காட்டியும் சொன்னேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எனக்கே கேக்கலைன்னா அவங்களுக்கு மட்டும் எப்படிண்ணே கேக்கும்?"

அடுப்புக்கு மேலே

மூணாறு ஈரத்தில் ஹெட்போனின் காது மெத்தைதான் முதலில் போகும். மேல்தோல் பொடிப்பொடியாக உரிந்து, போட்டவர் கன்னமெல்லாம் கறுப்பாக ஒட்டும். அதனால் துணி மெத்தை வைத்ததை வாங்குங்கள், அவ்வப்போது துடைத்துக் காற்றாட வையுங்கள் என்று எல்லோரிடமும் தொண்டை வறளச் சொல்கிறேன். ஏலப்பாறையிலிருந்து வந்த டீக்கடைக்காரர் ஒருவர் அதையும் கேட்டார், பளபளப்பாக இருக்கிறது என்று தோல் மெத்தையையே வாங்கினார். ஈரம் பட்டால்தானே உரியும் என்று அவரே ஒரு யோசனை செய்து, தினமும் கடை விறகடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டிவிட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் திரும்பி வந்தார். மெத்தை அப்பளம் போலக் காய்ந்து வெடித்திருந்தது, தலைப் பட்டை ஒரு பக்கமாக இளகி வளைந்திருந்தது, புகை நாற்றம் கடை முழுக்க அடித்தது. இதற்கு வாரன்டி கிடையாது என்றேன். அவர் என் பொருளின் தரத்தையே சந்தேகப்பட்டார். "அதே ஆணியில கருவாடு தொங்குது தம்பி, அது இன்னமும் நல்லாத்தான் இருக்கு!"

யாரோ அழுகிறார்கள்

செல்வி திரும்பி வந்தாள், முகம் வாடியிருந்தது. லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரைவரை எழும்பாது. மேலே ஒரே தகரம், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பக்கத்து வீட்டில் சுடலைமுத்து மாமா. தேயிலை ஃபேக்டரியில் மெஷின் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்து, காது மந்தமாகி ரிட்டையர் ஆனவர், மகன் அதே ஃபேக்டரியில் இருப்பதால் வீடு கைவிட்டுப் போகவில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு பகலெல்லாம் அவருக்கு டிவி சீரியல்தான் துணை. அதையும் சத்தம் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றித்தான் வைப்பார். குறைக்கச் சொல்லலாமே என்றேன். "குறைச்சா அவருக்கு ஒண்ணும் கேக்காதுண்ணே. அதையும் புடுங்கிட்டா மனுசன் என்ன செய்வாரு?" என்றாள்.

அந்த செட்டை வாங்கிக்கொண்டு, வாய்க்குப் பக்கத்தில் மைக் நீட்டிக்கொண்டிருக்கும் வேறொன்றை மாற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் தேவலையாக இருந்தது, சீரியலில் யாரும் அழாதவரைக்கும். எந்த நாளில் அழாமல் இருந்திருக்கிறார்கள்? அடுத்த தடவை கடைக்கு வந்தபோது செல்வியே அழுகிற நிலையில் இருந்தாள். நேரம் குறிக்க போன் செய்த ஒரு பெரியவர், பின்னால் கேட்ட ஒப்பாரியில் மிரண்டு போனை வைத்துவிட்டாராம். "'அங்க யாரும்மா செத்துப்போனது? நான் வேற ஆஸ்பத்திரி பாத்துக்கிடுதேன்'னுட்டாருண்ணே!"

மச்சானின் சோதனை

ஊரிலிருந்து என் பெரிய மச்சான் வந்தார். நெல்லும் தென்னையும் வைத்திருக்கிற மனுஷன். ஓய்ந்து உட்காரும் நேரத்தில் பாட்டுக் கேட்க, உழைக்கிற பொருளாக ஒன்று வேண்டுமாம். பட்டைக்குள் இரும்புத் தகடு இருக்கிறதா, மடக்குகிற மூட்டு கெட்டியா, ஒயரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியுமா, இதையெல்லாம் பார்த்தால் போதுங்க என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஒன்றைக் கையில் எடுத்து மாட்டின் வாயைப் பிளப்பது போல இரண்டு பக்கமும் பிடித்து விரித்தார். படக்கென்று சத்தம். கடையில் நின்றிருந்த டூரிஸ்டுகள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். மச்சானுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, இரண்டு துண்டையும் பதமாக மேஜைமேல் வைத்தார். "நல்ல வேளைங்க மாப்ள, ஊட்டுக்குப் போயி ஒடஞ்சிருந்தா மறுக்கா மலையேறி வரோணுமுங்க!"

எரிச்சலில் சொன்னது

செல்விக்குக் கடைசி எச்சரிக்கை வந்துவிட்டது. இன்னொரு புகார் வந்தால் வேலை இல்லை. கூட்டமான நேரத்தில் வந்து, இதைவிடப் பெரிசாக, இதைவிட இறுக்கமாகக் காதை மூடுகிற செட் இருக்கிறதா என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் கவலை எனக்கும் தொற்றியிருந்தது, அதனாலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க காதுல பானையையே கவுத்தாலும் சத்தம் நிக்காது அம்மிணி! வேணும்னா அந்த மாமா காதுல போய்க் கவுத்துங்க!" என்று கத்திவிட்டேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுடலைமுத்து மாமாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவள் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்! பெரியவரை உட்காரவைத்து, அன்றைக்குத்தான் நான் ஒழுங்காக வியாபாரம் செய்தேன். வெளியே ஒரு பொட்டுச் சத்தம் கசியாதபடி மூடிய காதுக் கிண்ணம். ஈரத்துக்கு உரியாத துணி மெத்தை. டிவியிலிருந்து கட்டில்வரை எட்டுகிற நீள ஒயர், இழுபட்டுப் பிய்ந்தால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குல்லாவைக் கழற்ற மாட்டேன் என்றார். குளித்தாலொழியக் கழற்றுவதில்லை என்று செல்வி சாட்சி சொன்னாள். சரி என்று குல்லாவுக்கு மேலேயே, இறுக்காத ஒன்றாகப் பார்த்து மாட்டினேன்.

என் போனில் அவர் பார்க்கிற சீரியலையே போட்டுக் கொடுத்தேன். செல்வி அவர் தோளோடு ஒட்டி நின்று காதைக் கொடுத்தாள், ஒரு முனகல்கூட வெளியே வரவில்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. பெரியவர் ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு பஜாருக்கே கேட்கும்படி என்னிடம் கத்தினார். "இத்தன வருசமா சீரியல்ல அந்தப் பிள்ள அழுதான்னுதான் தம்பி தெரியும்! எதுக்கு அழுதாங்கது இப்பத்தான கேக்கு!"

புதிய புகார்

போன மாதம் செல்வி லட்டு டப்பாவோடு வந்தாள். வேலை நிரந்தரமாகிவிட்டது, அம்மாவோடு டவுனுக்கு வருகிறாள், வீடு பார்த்தாயிற்று. லயத்தில் மாமா சத்தமில்லாமல் சீரியல் பார்க்கிறார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், இரண்டு லட்டை அங்கேயே நின்று தின்றேன். இப்போதாவது ஒரு குறையும் இல்லையே என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன். நேற்று ஒரு அம்மா போனில் சந்தேகப்பட்டாராம். "'என்னம்மா ஒரு சத்தத்தையும் காணோம், ஆஸ்பத்திரி நடக்குதா, பூட்டியாச்சா?'ங்குறாங்கண்ணே."

ஆக, எந்த ஹெட்போன் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் குல்லாவைக் கழற்றச் சொல்லி மல்லுக்கட்டுவதில்லை, "பக்கத்து ஊட்டுல யாருங்க இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.