பேஸ்மன்ட்டில் ஒரு தீவுக் குடும்பம்

பாம்பு வளர்க்கிற தொழிலில பாம்பால வாற கரைச்சல் சரியான குறைவு. முழுக் கரைச்சலும் பாம்பைப் பாக்க வாற சனத்தாலதான். வீட்டில மற்ற ஆக்களுக்குக் கண்ணில காட்டக்கூடாத ஒண்டை ஆசைக்கு வளர்க்கிற ஆள் நீங்கள் எண்டால், அது நாயோ கிளியோ மீனோ, என்ர பாடு உங்களுக்கு விளங்கும். அப்பிடி ஒண்டும் வளர்க்கேல்லை எண்டால் நீங்கள் குடுத்து வைச்ச ஆள், இருந்து கேளுங்கோ.

பொருத்தம்

பகலில நான் கனடாவில, மொன்ட்ரியால் டோர்வல் விமான நிலையத்தில பெட்டி ஏத்தி இறக்கிறனான். மிச்ச நேரத்தில ரொக்ஸ்பரோவில எங்கட வீட்டு பேஸ்மன்ட்டில போவாப் பாம்பு வளர்க்கிறன். மலைப்பாம்பு மாதிரித்தான், விசம் இல்லை, இரையைச் சுத்தி நெரிக்கும். பெருநிலத்துப் போவா ஒரு ஆளைவிட நீளமா வளரும். என்னட்டை இருக்கிறது மத்திய அமெரிக்காப் பக்கம் ஒரு சின்னத் தீவிலயிருந்து வந்த பரம்பரை. தீவில இரையெல்லாம் சின்னன். அதால பாம்பும் சின்னன். நல்லா வளர்ந்ததே ஒரு கைத்தடி நீளம்தான் வரும். இதை வைச்சிருக்கிற ஆக்களும் குறைவு.

நானும் யாழ்ப்பாணத்தில தீவுப்பகுதி ஆள். மனிசி சாந்தினி பட்டினத்துப் பக்கம். பட்டினத்து ஆக்கள் எங்களைத் தீவான் எண்டு நக்கலடிக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே. முதல் சோடியை வீட்டுக்குக் கொண்டுவந்த அண்டைக்கு, இதுகள் ஏன் இவ்வளவு சின்னன் எண்டு அவவுக்கு நான் ஆறுதலா விளங்கப்படுத்தினன். அவ கைகட்டி நிண்டு முழுக்கக் கேட்டா. பேந்து சொன்னா: "தீவானுக்குத் தீவுப் பாம்பு. சாதகம் பாக்காமலே பொருந்தியிருக்கு."

அதுக்குப் பிறகு அவ பேஸ்மன்ட் படி இறங்கேல்லை. உடுப்புத் தோய்க்கிற மெசினைக்கூட மேல ஏத்துவிச்சுப்போட்டா. பாம்பைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் "உந்தக் கண்டறியாத சாமான்" எண்டுதான் கதை.

வனிலா

எங்கட ஆக்களின்ர வீட்டில ஐஸ்கிறீம் டப்பாவுக்குள்ள ஐஸ்கிறீம் இருக்காது எண்டது உலகத்துக்கே தெரியும். முதல் கிழமை ஐஸ்கிறீம், அடுத்த கிழமை கணவாய், அதுக்குப் பிறகு டப்பா உடைஞ்சு போகுமட்டும் ரசமோ, அரைச்ச தேங்காயோ, என்னவோ. நானும் அந்த வழக்கத்தை விடேல்லை. பாம்புக்கு வாங்கிற எலி உறைய வைச்சுத்தான் வரும். வடிவா அடுக்கி, டப்பாவில போட்டு, பிறீசரின்ர அடித்தட்டில வைச்சிருந்தன்.

சாந்தினியின்ர தம்பி ரவி ரொறன்ரோவில இருந்து குடும்பத்தோட வந்திருந்தான். மத்தியானம் சாப்பிட்டு முடிய எல்லாருக்கும் தானே ஐஸ்கிறீம் போட்டுத் தாறன் எண்டு கரண்டியும் கையுமாப் போனான். குசினியில கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. நான் ஓடிப்போய்ப் பாத்தால், மூடியை ஒரு கையிலயும் டப்பாவை மற்றக் கையிலயும் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே நிக்கிறான். டப்பாக்குள்ள எலியள் எல்லாம் ஒரே பக்கம் தலைவைச்சு ஒழுங்காப் படுத்திருக்குதுகள். அவன் என்னோட கோவிக்கேல்லை. மூடியை மட்டும் என்ர முகத்துக்கு நேர நீட்டிச் சொன்னான்: "அத்தான், வெளியில வனிலா எண்டெல்லோ எழுதிக் கிடக்கு."

வெள்ளிக்கிழமை

மொன்ட்ரியால்-நோரில இருந்து ஒரு ஐயா வந்தார். பாம்பு வாங்க வாறன் எண்டு போனில சொன்னவர், வரேக்க கையில ஒரு பெட்டிப் பாலும் முட்டையும் பூவும். மகனுக்கு எந்தச் சம்பந்தமும் சரிவரேல்லையாம், நாகதோசம் எண்டு சாத்திரி சொல்லிப்போட்டாராம். நான் மறிக்க முன்னம் ஒரு பாம்புப் பெட்டியைத் திறந்து தண்ணிக் கோப்பையில பாலை ஊத்திப்போட்டார். அந்தப் பெட்டிக்குள்ள படுத்திருந்தது பவளம், என்னட்டை இருக்கிறதுகளில வடிவான பெட்டை. இளஞ்சிவப்பு நிறம், அதாலதான் அந்தப் பேர். பவளம் பாலை ஒருக்கால் நக்கிப் பாத்திட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துது. ஐயா கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிண்டார்.

"ஐயா, இது நாகம் இல்லை, படம் எடுக்காது. பாலும் குடியாது. இது பிறந்த ஊரில ராகுவும் இல்லை கேதுவும் இல்லை" எண்டு பொறுமையாச் சொன்னன். ஐயா நல்லா யோசிச்சார். அப்ப வாங்கிறது வீண் செலவுதான் எண்டு ஒத்துக்கொண்டார். சப்பாத்தும் போட்டு, வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து கேட்டார்: "தம்பி, வெள்ளிக்கிழமையில மட்டும் வாடகைக்குத் தருவீரோ?"

ஒரு வாய்

அடுத்த தெருவில இருக்கிற பத்மாக்காவும் புருசனும் என்னட்டை ஒரு பெட்டைக் குட்டி வாங்கினவை. பிள்ளையள் படிக்கப் போய் வீடு வெறிச்செண்டு கிடக்குது எண்டு வாங்கினது. ரெண்டு கிழமைக்கு ஒருக்கால், ஒரு சின்ன எலி, அவ்வளவுதான் எண்டு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினன். தலையைத் தலையை ஆட்டினவை.

கொஞ்ச மாசத்தால பெட்டியோட திரும்பி வந்திச்சினம், பாம்பு அசையுதில்லையாம். திறந்து பாத்தால், ஐயோ கடவுளே, பாம்பு புட்டுக்குழல் மொத்தத்தில கிடக்குது. "எத்தினை தரம் குடுக்கிறியள்?" எண்டு கேட்டன். புருசன் சுவரைப் பாத்தார். பத்மாக்காதான் கதைச்சா. தாங்கள் சாப்பிடேக்க அது கண்ணாடிக்குள்ள இருந்து கண்வெட்டாமல் பாத்துக்கொண்டே இருக்குமாம், பாக்கப் பாவமா இருக்குமாம். "அக்கா, பாம்புக்கு இமை இல்லை. நித்திரையிலயும் அது பாத்துக்கொண்டுதான் இருக்கும்" எண்டன். பத்மாக்காவின்ர கண் கலங்கிப்போச்சு. "அது ஒருநாளும் வேண்டாமெண்டு சொல்லேல்லையே, தம்பி."

மாதா

இப்ப நடந்த விசயத்துக்கு வாறன். போன மாரிக் குளிருக்கு முன்னம் பவளம் இணை சேர்ந்தது. சேர்ந்து கொஞ்சக் காலத்தில ஆண் செத்துப்போச்சு. வயசு. இந்தப் பரம்பரையில கலப்பில்லாத ஆண் எனக்குத் தெரிஞ்சு வேற ஒருத்தரிட்டையும் இல்லை. எண்டபடியால் பவளத்தின்ர வயித்தில இருக்கிறதுதான் கடைசி. போவா முட்டை இடாது, குட்டிதான் போடும். பெறுமட்டும் பெட்டியில சூடு குறையக்கூடாது. குறைஞ்சால் வயித்துக்குள்ளயே எல்லாம் முடிஞ்சுபோம். பெத்த பிள்ளைக்குக்கூட நான் இப்பிடிப் பயந்ததில்லை.

வேலையில என்னோட நிக்கிற மரியதாஸ் அண்ணை மன்னார் ஆள், ஞாயிறு பூசை தவறவிடாதவர். பவளத்துக்கு ஒருக்கால் மாதாவிட்டை மன்றாடுங்கோ அண்ணை எண்டு கேட்டன். நான் பகிடிக்குக் கேக்கேல்லை. அவரும் பகிடியா எடுக்கேல்லை. ரெண்டு சூட்கேஸ் ஏத்துமட்டும் யோசிச்சிட்டுச் சொன்னார்: "எனக்குக் கேக்க வெக்கமாக் கிடக்கு தம்பி. கோயில் சிலையில அவ பாம்பை மிதிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறா."

ஐஸ் மழை

ஏப்ரலில ஒரு காலமை ஐஸ் மழை பெஞ்சுது. மரங்கள் முறிஞ்சு கம்பியில விழ, ரொக்ஸ்பரோ முழுக்கக் கரண்ட் போச்சு. நான் டோர்வலில. சாந்தினி வேலை செய்யிற, சின்னப்பிள்ளையளைப் பாக்கிற கார்டெரி அண்டைக்குப் பூட்டு, அவ வீட்டில. போன் அடிச்சுச் சொன்னா. "இஞ்சேரும், கீழ போம். பவளத்தைத் தலையணை உறைக்குள்ள விட்டு, சூடா வைச்சிரும்" எண்டன். "நான் உந்தச் சாமானைத் தொடமாட்டன். சொல்லிப்போட்டன்" எண்டா. அதோட போன் நிண்டுபோச்சு. திருப்பித் திருப்பி அடிச்சன், எடுபடேல்லை. மரியதாஸ் அண்ணை என்ர முகத்தைப் பாத்திட்டு, "நீ ஓடு, உன்ர பெட்டியளையும் நான் பாக்கிறன்" எண்டார்.

றோட்டெல்லாம் கண்ணாடி. கார் நடந்துதான் போச்சு. வழி முழுக்க நாகதம்பிரானையும் மாதாவையும் மாறி மாறிக் கும்பிட்டன், ஆருக்கு வசதியோ அவர் பாக்கட்டும் எண்டு. வீட்டுக்குள்ள ஓடி பேஸ்மன்ட்டில இறங்கினால், மூச்சு விட்டால் புகை தெரியுது. மற்றப் பெட்டியள் எல்லாத்துக்கும் மேல போர்வையள். வாற ஆக்களுக்கெண்டு சாந்தினி தொடவும் விடாமல் வைச்சிருந்த புதுக் கம்பளியும் கிடக்கு. பவளத்தின்ர பெட்டி திறந்திருக்கு. உள்ளுக்கு ஒண்டும் இல்லை. "சாந்தினி, சாந்தினி" எண்டு கத்திக்கொண்டு வெளியில வந்தன்.

அப்பதான் கவனிச்சன், முத்தத்தில நிண்ட அவவின்ர கார் இரைஞ்சுகொண்டிருக்கு. கண்ணாடி எல்லாம் ஆவி படிஞ்சு புகாராக் கிடக்கு. கதவைத் திறந்தன். உள்ளுக்குப் புட்டுப்பானை மாதிரிச் சூடு. சாந்தினி சீற் பெல்ற் போட்டு, நேர முன்னுக்குப் பாத்தபடி, விறைச்சுப்போய் இருக்கிறா. ரெண்டு கையிலயும் சூட்டுச் சட்டி தூக்கிற கையுறை. மடியில பூப்போட்ட தலையணை உறை, அதைச் சுத்தித் தன்ர சால்வை. உறையின்ர வாயில காய்ச்சல் பாக்கிற தெர்மோமீற்றர் செருகிக் கிடக்கு. உறை மெதுவா அசைஞ்சுது. எனக்கு அழுகை வந்திட்டுது, ஒளிச்சென்ன. கதவைப் பிடிச்சபடி நிண்டு அழுதன். அவ என்னைத் திரும்பியும் பாக்கேல்லை.

"கதவைச் சாத்துங்கோ, குளிர் அடிக்குது. பிள்ளைத்தாச்சியெல்லோ இருக்கிறா."

விளக்கு

பத்மாக்கா வீட்டுப் பக்கம் கரண்ட் கெதியா வந்திட்டுது. எங்கட வீட்டுக்கு வருமட்டும் பவளம் அங்கதான் இருந்தது. சாப்பாடு ஒண்டும் குடுக்கவேண்டாம் எண்டு பத்மாக்காவிட்டைச் சத்தியம் வாங்கித்தான் விட்டன். சில கிழமையால ஒரு பின்னேரம் குட்டி போட்டுது. ஒன்பது. ரெண்டு செத்துத்தான் வந்தது, அதுகளைப் பாக்க மனம் தாங்கேல்லை. ஏழு உயிரோட நெளிஞ்சுதுகள், ஒவ்வொண்டும் என்ர விரல் மொத்தம், தாயின்ர நிறம். சாந்தினி பேஸ்மன்ட் படியில நிண்டு எட்டிப் பாத்தா. அப்பிடியே திரும்பி மேல போட்டா.

அண்டையில இருந்து சாமியறையில விளக்குக் கொளுத்தேல்லை. வெள்ளிக்கிழமையும் கொளுத்தேல்லை. என்னில கோவமாக்கும் எண்டு நினைச்சன். பேந்து பத்மாக்கா போன் அடிச்சா, கோயில் திருவிழாவுக்கு எல்லாருமாச் சேர்ந்து போவம் எண்டு. சாந்தினி வெங்காயம் வெட்டிக்கொண்டே, போனைத் தோளில இடுக்கியபடி, வலு சாதாரணமாச் சொன்னா: "இல்லையக்கா, நாங்கள் கோயிலுக்கு வரேலாது. வீட்டில பிள்ளைப்பெத்த துடக்கு. முப்பத்தொண்டு நாள் கழியட்டும்."

இத்தனை காலம் பாம்பு வளர்த்து நான் உழைச்சது இவ்வளவுதான்: பட்டினத்துச் சாந்தினிக்குத் தீவுப் பரம்பரையில ஏழு பேரப்பிள்ளையள்.