சித்தியின் கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு

என் கையிலிருந்த டார்ச் வெளிச்சம் சித்தியின் வாய்க்குள் விழுந்த அந்த நொடி இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் ஈப்போ நகரில் பல் மருத்துவத் தாதியாக இருந்தேன். வெற்றிலையும் புகையிலையும் மெல்லுகிறவர்களுக்கு வாய்ப்புற்று எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டரம்மா ஒருவருடன் ரப்பர் தோட்டம் தோட்டமாகப் போய்வருவது என் வேலை. அன்று போனது சுங்காய் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக்கே. பால் வெட்டி முடித்த பெண்கள், பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் ஆயாக்கொட்டகையின் வாசலில் வரிசையில் நின்றார்கள். அம்மாவின் தங்கையான என் சித்திதான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள்.

இடது கன்னத்தின் உட்புறம், புகையிலையை அடக்கி வைக்கும் இடத்தில், சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு வெள்ளைத் திட்டு. ஓரத்தில் சிவப்பு. அந்த மாதிரித் திட்டுகளைப் படங்களில் பார்த்திருந்தேன். அவற்றில் சில பிறகு என்னவாயின என்பதும் தெரியும்.

சித்தி வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். “என்னடி, டார்ச்சு இந்த ஆட்டம் ஆடுது?”

“ஒண்ணுமில்ல சித்தி, கை வலிக்குது.”

டாக்டரம்மா விரலால் தடவிப் பார்த்தார். துளி சதை எடுத்துச் சோதிக்க ஈப்போவுக்கு வரச் சொன்னார். சித்தி சிரித்தாள்.

“வலியே இல்லீங்களே டாக்டரம்மா. வலிக்காதத எதுக்கு வெட்டணும்? கத்தி பட்டாத்தான் பரவும்னு சொல்றாங்க.”

நான் அவள் கையைப் பிடித்தேன். என் விரல்கள் சில்லிட்டிருந்ததை உணர்ந்திருப்பாள். சிரிப்பு நின்றது. “சரி, தாப்பா லா, பரவாயில்ல. வாரேன்” என்றாள்.

சதையை எடுத்த பிறகு, முடிவு தெரியும்வரை என் வீட்டில் தங்கினாள். மெல்லுவதற்கு வெற்றிலை இல்லாமல் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். அவள் பேசினால் பேச்சு என் காதில் ஏறாது, கன்னத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். குழம்பு காரமென்று அவள் முகம் சுளித்தால்கூட டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுவேன்.

புற்று இல்லை. ஆனால் விட்டிருந்தால் அப்படி மாறக்கூடியது என்றார்கள். திட்டை முழுவதுமாக வெட்டியெடுத்தார்கள். நான்தான் அழுதேன். சித்தி முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: “வலிச்சிருந்தா நானே வந்திருப்பேன் லா. வலிக்காததாலதான் நீங்க தேடி வர வேண்டியிருக்கு.”

வெற்றிலையை அறவே விட்டாள் என்று எழுத ஆசைதான். கல்யாண வீடுகளில் போட்டுக்கொள்வாள், எனக்குத் தெரியும். திட்டு திரும்பவும் வரலாம் என்பது அவளுக்கும் தெரியும். அதனால் பரிசோதனைக்கு ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை. ஈப்போ பஸ் நிலையத்தில் இறங்கியதும், நலம் விசாரிப்பதற்கு முன்பே, அத்தனை பேர் மத்தியில் வாயை அகலத் திறப்பாள்.

“மொதல்ல பாருடி. அப்புறம் பேசிக்கலாம்.”

பார்ப்பேன். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.