கேள்விகள் முடிந்த பிறகு காபி

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்சம் சொல்லிவிடுகிறார்: "காபியெல்லாம் அப்புறம். மொதல்ல கேள்வி." அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிய வீட்டுக்காரி அப்படியே நிற்கிறாள். வீட்டுக்கு வந்தவரை வாய் நனைக்காமல் உட்கார வைப்பதென்றால் நன்னிலம் வட்டாரத்தில் யாருக்கும் கூசும். அம்சம் அதைப் பொருட்படுத்துவதில்லை. கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, அட்டையில் கவ்விய தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றிப் பின்புறம் செருகுகிறார். சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, "எல்லாரும் கொல்லைப்பக்கம் போயி செத்த நேரம் காத்து வாங்கிட்டு வாங்க" என்கிறார். மாமியார்களுக்கும் இதில் விலக்கு இல்லை.

அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள ஊருக்குச் சிறிது காலம் பிடித்தது. மேட்டூரில் தண்ணீர் இல்லாமல் குறுவை பொய்த்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்தப் பக்கத்து ஆண்கள் தோஹாவுக்கும் மஸ்கட்டுக்கும் போனார்கள். வீடுகளில் தங்கிய பெண்களில் சிலருக்குத் தூக்கமும் பசியும் கெட்டன, பேச்சும் குறைந்தது. தஞ்சாவூரிலிருந்து வரும் மனநல மருத்துவர் அரவிந்தன், இவர்களுக்குப் பேச்சின் வழியாகவே சிகிச்சை தரும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். சிகிச்சையில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில், பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி வாரந்தோறும் வந்து உட்கார்ந்து, மனத்துக்குள் சுற்றிச்சுற்றி வரும் நினைப்புகளைப் பேசிப் பிரித்துப் பார்க்க உதவுவாள். மற்றொன்றில், வருபவள் அவர்கள் செய்ய வேண்டிய சிறு சிறு வேலைகளைப் பேசி முடிவு செய்வாள்: துணையில்லாமல் வங்கிக்குப் போய்வருவது, கைவிட்டுப்போன பூத்தொடுப்பதை மறுபடி தொடங்குவது. யாருக்கு எது என்பது குலுக்கலில் அமைந்தது. எந்த முறை கூடுதலாகக் குணம் தருகிறது என்பதே ஆய்வின் கேள்வி.

அதை அளப்பவர் அம்சம். சிகிச்சைக்கு முன்னும், எல்லாம் முடிந்த பின்னும் அவர் ஒரே கேள்விகளை எடுத்துக்கொண்டு வருவார். எந்த வீட்டில் எந்த முறை என்பது அவருக்குத் தெரியவே கூடாது. இதை மருத்துவர் ஒருமுறைதான் சொன்னாராம். அம்சம் எனக்கு விளக்கியது இப்படி: "மரக்கால் புடிச்சு அளக்குறவனுக்கு இது யாரு நெல்லுன்னு தெரிஞ்சா, வேண்டப்பட்டவன் நெல்லைக் குவிச்சு அளந்துருவான். வேணும்னு செய்ய மாட்டான். கை தன்னால குவியும்."

முன்பு பால்வாடியில் வேலை பார்த்தவர், ஐம்பதைத் தாண்டியவர், இயல்பில் இந்தத் தெருவிலேயே அதிக ஆவல் கொண்டவர். உரக்கடை நடத்தும் கணவர் பஞ்சநதம் இதை மறைப்பதில்லை. "அடுத்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகைய அவங்க பிரிக்கறதுக்கு முன்னாடி பிரிச்சவ இவ. இவளப் போயி ஒண்ணும் தெரியாம இருக்குற வேலைக்கு வச்சிருக்காங்க பாருங்க." அப்படிப்பட்டவர் இப்போது நகரப் பேருந்தில் ஆலோசகப் பெண்களில் ஒருத்தி ஏறினால் எழுந்து முன்பக்கம் போய் நிற்கிறார். கடைத்தெருவில் யாராவது, "எனக்கு ஒரு பொண்ணு வருதுல்ல, அது போன வாரம்…" என்று தொடங்கினால், "அய்யய்யோ, எனக்குத் தெரியக்கூடாது" என்று முந்தானையால் காதை மூடிக்கொள்கிறார். வீட்டில் இது கேலியாகிவிட்டது. என்ன குழம்பு என்று அம்சம் கேட்டால், "ஒனக்குத் தெரியக்கூடாது" என்பார் பஞ்சநதம்.

கேள்விகளை வாசிக்கும் குரலையும் அவர் தனியாகப் பழகியிருக்கிறார். ஏற்றமில்லை, இறக்கமில்லை. பரிவு காட்டினால் எதிரில் இருப்பவள் அழுகையைக் கூட்டுவாள், புன்னகைத்தால் குறைப்பாள். அதனால் முகத்தையும் கண்ணாடி முன் உட்கார்ந்து பழக்கினார். "தாலி கட்டுறப்பகூட மூஞ்சிய இவ்வளவு அடக்கமா வச்சுக்கல" என்கிறார் கணவர். அந்தக் கூற்றை அம்சம் மறுக்கிறார். பதிலில் ஐயம் எழுந்தால் கேள்வித்தாளின் தொடக்கத்தில் உள்ள முன்னுரையிலிருந்து ஒரே ஒருமுறை மறுபடி வாசிக்கலாம் என்பது ஆய்வின் விதி. அப்போதும் ஒரு சொல்லைக் கூட்டவோ அழுத்தவோ கூடாது. தூண்டிக் கேட்கக் கூடாது.

காபி விதி மட்டும் அவர் தாமே வகுத்துக்கொண்டது. ஆரம்பத்தில் ஆமினா என்ற மூதாட்டியின் வீட்டில் இஞ்சி டீயும் சமோசாவும் முதலில் வந்தன. அவற்றைச் சாப்பிட்டுவிட்டு அம்சம் கேள்விகளைக் கேட்டார். ஆமினா எல்லாவற்றுக்கும், "நல்லாருக்கேன் புள்ள, ஒரு கொறையும் இல்ல" என்றார். அம்சம் விடைபெற்றுச் செருப்பில் கால் நுழைத்தபோது, கதவைப் பிடித்துக்கொண்டு அதே ஆமினா அழுதார். விருந்தாளியின் எதிரில் துக்கத்தை எடுத்து வைக்க, டீயை எடுத்து வைத்த கை கூசியிருக்கிறது. "வாசல்ல அழுததை எழுதிக்கவா?" என்று மருத்துவரிடம் கேட்டதற்கு, "கூடாதும்மா" என்றார். அன்றிலிருந்து, கேள்வி முடியும்வரை அம்சம் விருந்தாளி இல்லை.

முடிந்த பிறகோ, அவரைப்போன்ற விருந்தாளி கிடைப்பது கடினம். கும்பகோணத்தில் பிறந்தவர் என்பதை அப்போது காட்டுவார். காபி நுரைத்திருக்க வேண்டும். டம்ளரைத் தொட்டால் விரல் சுட வேண்டும். சூடு ஒரு மாற்றுக் குறைந்தாலும், "இது காபி இல்லம்மா, கழனித்தண்ணி" என்று திருப்பி அனுப்பிவிடுவார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, சிரித்துக்கொண்டே மறுபடி அடுப்பேற்றுகிறார்கள்.

என் தம்பி தியாகேசன் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தோஹாவுக்குப் போனவன். அவன் மனைவி வள்ளியம்மை இந்த ஆய்வில் இருந்தாள். பின்வருவதை அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சிகிச்சைக்கு முன்பிருந்ததைவிட அவள் தேறியிருந்தாள் என்பது உண்மை. முழுவதும் தேறவில்லை என்பதும் உண்மை. விடியும்வரை விழித்துக்கிடப்பது நிற்கவில்லை. இறுதிக் கேள்விகளில் குணமாகாதவர் என்று தெரிந்தால் மருத்துவரே பார்த்துச் சிகிச்சையைத் தொடர்வார். குணமானவர் என்று தெரிந்தால் எல்லாம் அத்தோடு நிறுத்தப்படும்.

அம்சம் வருவதற்கு முதல் நாள் வள்ளியம்மை, நாத்தனாரான என்னிடம், "எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லிடலாம்னு இருக்கேன் அண்ணி" என்றாள்.

"ஏன்?"

"பாவம், அந்தப் பொண்ணு வெயில்ல பஸ் மாறி மாறி வந்துச்சு. நான் கொணமாகலைன்னா அதுக்குத்தான கெட்ட பேரு?"

"அப்படிச் சொன்னா ஒன்ன முடிஞ்சுதுன்னு எழுதி விட்டுடுவாங்க வள்ளி. மறுபடி பழையபடி ஆனா யாருகிட்ட போவ?"

"அத அப்பப் பாத்துக்கலாம்."

அம்சத்திடம் இதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை; வாயைத் திறந்தாலே முந்தானை காதுக்குப் போய்விடும். மறுநாள் அவர் வந்தார். "காபியெல்லாம் அப்புறம்" என்றார். என்னையும் கொல்லைக்கு அனுப்பினார். கிணற்றடிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு ஜன்னல்தான், அது திறந்திருந்தது. காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் மட்டும் சொல்கிறேன்.

கேள்விகள் விரைவாக முடிந்தன. தூக்கம் எப்படி என்ற கேள்விக்கு, வாக்கியம் முடியும் முன்பே, "படுத்தா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்குறேங்க்கா" என்றாள் வள்ளியம்மை. பசி? நன்றாக இருக்கிறது. அழுகை? இல்லவே இல்லை. அம்சம் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு பேனாவை மூடினார். வள்ளியம்மை ஆவி பறக்கும் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அம்சம் இரண்டு தடவை ஆற்றி, நுரையைப் பார்த்துத் திருப்தியாக டம்ளரைத் தூக்கினார். அப்போது வள்ளியம்மை, "அந்தப் பொண்ணு ரொம்ப நல்ல பொண்ணுக்கா. நல்லபடியா எழுதிடுங்க, என்ன?" என்றாள்.

டம்ளர் உதட்டருகில் நின்றது. அம்சம் அதைக் கீழே வைத்தார். டபராவைக் கவிழ்த்து அதை மூடினார். பேனாவின் மூடியை மறுபடி கழற்றிப் பின்புறம் செருகினார்.

"உக்காரும்மா. மொதல்லேருந்து ஒருதரம் வாசிக்கிறேன்."

"அதான் சொல்லிட்டேனேக்கா. காபி ஆறிடும், குடிங்க."

அம்சம் அதே ஏற்ற இறக்கமற்ற குரலில் முன்னுரையை வாசிக்கத் தொடங்கினார். அதில் உள்ள ஒரு வாக்கியம் இது: "உங்கள் பதிலால் உங்களிடம் வந்து பேசியவருக்கு நல்ல பெயரோ கெட்ட பெயரோ ஏற்படாது, உங்களுக்கு என்ன தேவை என்பதை அறியவே கேட்கிறோம்." முதல் முறையும் இதே வாக்கியத்தை இதே குரலில்தான் வாசித்திருந்தார். நின்றுகொண்டிருந்த வள்ளியம்மை இந்த முறை உட்கார்ந்தாள்.

தூக்கம் பற்றிய கேள்வி வந்தது. தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டு முழுத் தெருவையும் கடந்துபோயிற்று. அம்சம் நிமிரவில்லை, உச்சுக்கொட்டவில்லை, கேள்வியைத் திரும்பவும் வாசிக்கவுமில்லை. பேனா முனை தாளின் மேல் காத்திருந்தது.

"வரலக்கா" என்றாள் வள்ளியம்மை. "கண்ண மூடுனா வரல."

அதன் பிறகு அவள் சொன்னவை அவளுடையவை. அவற்றை நான் எழுதப்போவதில்லை. அம்சம் முகம் மாறாமல் கேட்டு, முகம் மாறாமல் குறித்து, கடைசித் தாளைப் புரட்டி முடித்தார். "வர்ற புதன்கிழமை டாக்டரு நன்னிலத்துக்கு வர்றாரு. ஒன் பேரைக் குடுத்துடுறேன். காலையிலேயே வந்துடு" என்றார்.

வள்ளியம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டு டம்ளரின் பக்கம் கை நீட்டினாள். "பச்சத்தண்ணியா ஆயிருக்கும்க்கா. வேற கலந்து எடுத்தாறேன், குடுங்க."

அம்சம் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கவிழ்த்த டபராவை எடுத்தார். மேலே தடித்த ஆடை படிந்திருந்தது. அதைச் சுண்டுவிரலால் ஒதுக்கிவிட்டு, அண்ணாந்து, கீழே வைக்காமல் அடிவரை குடித்தார்.